மேஸ்திரியம்மாவின் பஞ்சு உருண்டை

ஜூலை 6

இந்த நோட்டில் முதல் ஐந்து பக்கம் என் மகள் செண்பகாவின் எழுத்து. ஆறாம் பக்கத்திலிருந்து நான். பெயர் தவசிலிங்கம், வயது ஐம்பத்திரண்டு, சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் தறி மேஸ்திரி. இந்த வயதில் ஒரு சிலந்திக்கு டைரி எழுத வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

செண்பகா கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருஷம். ஜூன் மாதம் கண்மாய்க்கரையில் ஓநாய்ச் சிலந்தி ஒன்றைப் பிடித்துவந்து பிளாஸ்டிக் டப்பாவில் வளர்க்க ஆரம்பித்தாள். ஊரில் நாய் வளர்ப்பார்கள், கிளி வளர்ப்பார்கள், என் வீட்டில் எட்டுக்கால் பூச்சி. மூன்றாவது வாரமே அவளுக்கு விடாமல் காய்ச்சல். ராஜபாளையத்தில் பார்த்து, மதுரையில் பார்த்து, கடைசியில் மெட்ராசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ரத்தத்தில்தான் கோளாறு. அந்த நோயின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

நேற்று அவளும் என் மனைவி கோமதியும் ரயில் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் அவள் தனி அறையில்தான் இருக்க வேண்டுமாம், கூட ஒருவர்தான் தங்கலாமாம். அதனால் நான் இங்கே.

ரயில் கிளம்பும் நேரத்தில் ஜன்னல் வழியாக நோட்டை நீட்டினாள். "தேதி போட்டு எழுதணும். என்ன சாப்பிட்டுச்சு, தண்ணி வச்சீங்களா, என்ன பண்ணுச்சு, எல்லாம். வந்து செக் பண்ணுவேன்."

"கழுத, எனக்கே வேலை வாங்குறியா?"

"மேஸ்திரிக்கு மேல ஒரு மேஸ்திரி வேணும்லப்பா."

சிலந்தியின் பெயரும் மேஸ்திரியம்மாதான். இந்த ஜாதிச் சிலந்தி வலை பின்னி உட்காராது. தரையிலேயே சுற்றிச் சுற்றி வந்து இரை பிடிக்கும். "நெசவு பண்ணாம சுத்தி வந்து அதட்டுற ஆளு, உங்கள மாதிரியே" என்று சொல்லித்தான் பெயர் வைத்தாள். அவள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஐந்து பக்கத்தையும் மூன்று தடவை படித்துவிட்டேன். தண்ணீர் வைத்தேன்.

ஜூலை 9

ஒரு கரப்பான் குஞ்சு. பாய்ந்து பிடித்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

ஜூலை 12

செண்பகா வீடியோவில் கூப்பிட்டாள். நெட் சரியில்லை, சும்மா பேசு என்றேன். மருந்தால் முடி கொட்டுமாம். முன்கூட்டியே மொத்தமாக எடுத்துவிட்டார்களாம். "மொட்டை நல்லாருக்குப்பா, பாக்குறீங்களா?" என்றாள். தறி ஓடுகிறது, காது கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இன்று ஞாயிறு இல்லை, சனிதான். ஆனால் மதியத்துக்கு மேல் கரண்ட் இல்லாததால் தறி ஓடவில்லை.

ஜூலை 15

மேஸ்திரியம்மா நான்கு நாளாகச் சாப்பிடவில்லை. டப்பாவுக்குள் ஒரு உடைந்த ஓட்டுத் துண்டு வைத்திருக்கிறாள் செண்பகா. அதன் அடியில் குழி தோண்டிக்கொண்டு, வாசலை நூலால் அடைத்துவிட்டு உள்ளே கிடக்கிறது. உடம்புக்கு ஆகவில்லையோ என்னவோ. நோட்டில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால் கோமதி எடுத்து, "இப்பத்தான் மருந்து ஏறிக்கிட்டிருக்கு, வாந்தி, பேச முடியாது" என்றாள். சிலந்தி விஷயம் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

ஜூலை 19

இந்தப் பக்கத்தை அவள் வருவதற்குள் கிழித்துவிட வேண்டும்.

காலையில் மேஸ்திரியம்மா வெளியே வந்திருந்தது. பின்பக்கத்தில் வெள்ளையாக ஒரு உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பாதிச் சுண்டைக்காய் அளவு. பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பஞ்சுப் பிசிறு. என் சட்டை, வேட்டி, தலை, சாப்பாட்டுத் தூக்கு எல்லாவற்றிலும் கம்பெனிப் பிசிறு ஒட்டியிருக்கும். தண்ணீர் வைக்கும்போது என் கையிலிருந்துதான் விழுந்திருக்கிறது, பாவம், சிக்கிக்கொண்டு இழுத்துத் திரிகிறது என்று நினைத்தேன். இத்தனை நாள் சாப்பிடாததற்கும் இதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டினேன்.

தறியில் பிசிறு எடுக்கும் இடுக்கியால் பிடித்து இழுத்தேன். பின்னங்கால்களால் அது உருண்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கழற்றத்தான் பாடுபடுகிறது என்று எண்ணி, "இரு இரு, எடுத்துவிடறேன்" என்று வாயால் வேறு சொன்னேன். எடுத்துவிட்டேன்.

முப்பது வருஷப் பழக்கம். பிசிறு கையில் கிடைத்தால் எந்த நூல் என்று கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பார்ப்பேன். உருட்டினேன். ஈரமாக இருந்தது. விரலில் கசகசா மாதிரி மணிமணியாக ஒட்டியிருந்தது.

அடப்பாவி.

கையைக் கழுவிவிட்டுக் கம்பெனிக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் டப்பாவின் நாலு மூலையையும் சுற்றிச் சுற்றி வருகிறது. ஓட்டுத் துண்டின் அடியில் போகிறது, வெளியே வருகிறது, மண்ணைத் தடவுகிறது. கரப்பான் குஞ்சு போட்டேன், மிதித்துக்கொண்டு போய்விட்டது. தேடுகிறது. வேறென்ன.

ஜூலை 20

சொல்லிவிடலாம் என்றுதான் போன் செய்தேன். சத்தியமாக.

செண்பகாவே எடுத்தாள். குரல் கம்மிக் கிடந்தது. நான் வாயைத் திறக்குமுன், "அப்பா, மேஸ்திரியம்மா வயிறு எப்படியிருக்கு? புடிக்கும்போதே குண்டாத்தான் இருந்தா. நான் நோட்டுல எழுத மறந்துட்டேன். முட்டை வச்சா வெள்ளையா ஒரு உருண்டை பின்னாடி ஒட்டிக்கிட்டுத் திரிவா. பாத்தீங்களா?" என்றாள்.

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

"அது பொரிஞ்சுச்சுன்னா குட்டிக அத்தனையும் அம்மா முதுகுல ஏறிக்கிடும்ப்பா. நூறு இருக்கும். ஒரு வாரம் சுமந்துக்கிட்டே திரிவா. நான் புஸ்தகத்துல போட்டோதான் பாத்திருக்கேன். இங்க படுத்துக்கிட்டு அதைத்தான் நெனச்சுக்கிட்டே இருக்கேன். உருண்டை இருக்காப்பா?"

"இருக்கு" என்றேன்.

அம்மாவிடம் கத்திச் சொல்கிறாள், "அம்மா, மேஸ்திரியம்மா முட்டை வச்சிருக்கா!" அந்தக் குரலைக் கேட்டு ஒரு மாசமாகிறது. "போட்டோ அனுப்புங்கப்பா" என்றாள்.

கம்பெனிக்குப் போய் நல்ல வெளுத்த பஞ்சு ஒரு துணுக்கு எடுத்துவந்தேன். தண்ணீர் தொட்டு உருட்டி, மேலே பேண்டேஜ் நெய்கிற, கஞ்சி போடாத காஸ் நூலைச் சுற்றினேன். முதல் உருண்டை பெரிதாகிவிட்டது. மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இரண்டாவதை இன்னும் இறுக்கமாக, சின்னதாகச் செய்து அதன் முன்னால் வைத்தேன். முன்னங்காலால் தொட்டது. திருப்பியது. வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு வயிற்றுக்கடியில் இழுத்து, நூல் விட்டு, பின்னால் ஒட்டிக்கொண்டு நடந்தது.

ஏமாந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு பூச்சியை ஏமாற்றிவிட்டு அழுகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

போட்டோ அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "சூப்பர் மேஸ்திரி."

ஆகஸ்ட் 2

ஒரு வெட்டுக்கிளிக் குஞ்சு. தண்ணீர். உருண்டையைக் காலையில் வெயில் விழும் பக்கமாகத் திருப்பிக் காட்டுகிறது. சூடு வேண்டுமாம் முட்டைக்கு. பஞ்சுக்கு எதற்குடி சூடு.

ஆகஸ்ட் 9

கோமதி பேசினாள். இரண்டாவது சுற்று மருந்து முடிந்ததாம். எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன். "நல்லாருக்கா. இன்னிக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டா. டாக்டரும் பரவாயில்லங்கிறாங்க" என்றாள். இதையே போன வாரமும் சொன்னாள், அதற்கு முந்தின வாரமும் சொன்னாள். அதே இரண்டு இட்லி.

எனக்கும் அது போதுமாக இருந்தது.

ஆகஸ்ட் 14

இருபத்தைந்து நாளாகிறது. "பொரிக்கிற நேரம்ப்பா, கவனிச்சுப் பாருங்க" என்று குரல் அனுப்பியிருக்கிறாள். பேசும்போது நடுநடுவே மூச்சு வாங்குகிறது. மழைக்காற்று, குளிர்ச்சி, அதனால் தாமதமாகும் போலிருக்கிறது என்று பதில் அனுப்பினேன். சத்திரப்பட்டியில் ஆகஸ்டில் குளிர்ச்சி! வெயில் மண்டையைப் பிளக்கிறது.

ஆகஸ்ட் 19

தண்ணீர் மட்டும்.

ஆகஸ்ட் 24

காலையில் கோமதி. "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"ஆர்டர் நிக்குது கோமதி."

"ஆர்டரா? மொதலாளியே நேத்து எனக்குப் போன் பண்ணி, அவர அனுப்பி வைக்கவான்னு கேட்டாரு. நீங்கதான் வேண்டாம்னீகளாமே?"

"சிலந்திய யாரு பாக்குறது? அவ பொறுப்பா ஒப்படைச்சிட்டுப் போயிருக்கா."

"எட்டுக்கால் பூச்சிக்குத் தண்ணி வைக்க ஆள் இருக்கு. பெத்த பிள்ளைக்கு இல்ல. நீங்கள்லாம் மனுசன்தானா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஒருவர்தான் தங்கலாம் என்பது உண்மைதானே. விதியை நான் போட்டேனா.

ஆகஸ்ட் 26

செண்பகா தானாகவே கூப்பிட்டாள். குரல் மிகவும் சன்னமாக இருந்தது. மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, அது பஞ்சுதானே?"

"எது?"

"விளையாடாதீங்க. நெசமான முட்டைப் பையில நடுவுல சுத்திவர ஒரு கோடு இருக்கும், தையல் போட்ட மாதிரி. உங்க உருண்டையில கோடு இல்ல. பெருசு பண்ணிப் பாத்தேன், முறுக்கின காஸ் நூலு. சின்ன வயசுல இருந்து அந்த நூல் துணியாலதான் நான் கண்ணாமூச்சிக்குக் கண்ணக் கட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத போட்டோவுலயே."

"அப்புறம் ஏன்டி சொல்லல?"

"நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சிருந்தீங்க." சிரித்தாள், இருமினாள். அம்மா தண்ணீர் கொடுக்கும் சத்தம் கேட்டது. "முட்டை என்னாச்சு?"

சொன்னேன். எல்லாவற்றையும். விரலில் உருட்டினது வரை. திட்டுவாள் என்று பார்த்தேன். "பிசிறுன்னு நெனச்சுட்டீங்களா" என்று மட்டும் கேட்டாள். பிறகு, "அத இப்பப் புடுங்காதீங்க, பாவம். அவளா விடுறப்ப விடட்டும்" என்றாள்.

"சரிம்மா."

"அப்பா, நாலாம் பக்கம் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"அப்ப வாங்க."

நாலாம் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாள்: 'தண்ணீர் மட்டும் இருந்தால் இரண்டு வாரம் சாப்பாடு இல்லாமலும் நன்றாக இருப்பாள். ஊருக்குப் போவதானால் தாராளமாகப் போகலாம், பயம் வேண்டாம்.'

இதை நான் முதல் நாளே மூன்று தடவை படித்தேன். யாருக்காக எழுதினாள் என்று தெரிந்துதான் படித்தேன். மதுரையில் அவளுக்கு மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்தபோது கோமதி துண்டை வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே போய் டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றேன். டீ குடிக்கவில்லை. செண்பகா அதைப் பார்த்திருக்கிறாள். அதனால்தான் எனக்குச் சிலந்தியைக் கொடுத்து, வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.

ஆகஸ்ட் 27

இரண்டு மூடியில் தண்ணீர். இரண்டு கரப்பான் குஞ்சு. சாயங்கால ரயில். நோட்டை எடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 29

கோமதி வெளியே வராண்டாவில் இருக்க, என்னை உள்ளே விட்டார்கள். மூக்கு வாயெல்லாம் மூடிக் கட்டிவிட்டார்கள். முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் ஊசி குத்திய இடத்தில் சுற்றியிருந்த காஸ் துணியைத்தான் பார்த்தேன். ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன், நெசவு நெருக்கமாக நல்ல துணி.

"நம்ம ஊரு சரக்காப்பா?" என்றாள்.

"தெரியல. நல்லாத்தான் நெய்திருக்கான்."

"மூஞ்சியப் பாருங்கப்பா. ஒன்னும் பண்ணாது."

பார்த்தேன். என் அம்மாவின் ஜாடை அப்படியே இருந்தது. முடி இருந்தபோது இது தெரியவே இல்லை.

ஆகஸ்ட் 31

நோட்டைக் கேட்டாள். கிழிக்க நினைத்த பக்கத்தைக் கிழிக்கவில்லை. கொடுத்துவிட்டேன். இதற்குக் கீழே இருப்பது அவள் எழுத்து. கோணல்மாணலாக இருக்கும். படுத்தபடியே எழுதினாள்.

'பார்வையிட்டேன். பத்துக்கு ஏழு மார்க். நீளம், எடை ஒன்றுமே எழுதவில்லை. கெட்ட மேஸ்திரி. கரண்ட் இல்லாத அன்றைக்குத் தறி ஓடிய பொய்க்கு ஒரு மார்க் கட். ஜூலை 19 மன்னிக்கப்பட்டது. கவனிக்க: அவள் இரண்டாவது முட்டை வைக்க வாய்ப்பு இருக்கிறது. இணை சேர வேண்டிய அவசியம் இல்லை, முன்பு சேர்ந்ததே போதும், விந்தை உடம்பில் சேமித்து வைத்திருப்பாள். கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடாதீர்கள்!!! குட்டிகள் முதுகில் ஏறியதும் போட்டோ கட்டாயம் எனக்கு அனுப்ப வேண்டும். செ.'

செப்டம்பர் 3

நாள் முழுக்க உள்ளேயே இருந்தேன். இப்போது யாரும் ஒருவர்தான் என்று சொல்வதில்லை. இரண்டு பேரையும் விட்டுவிட்டார்கள்.

செப்டம்பர் 22

ஊர் வந்து பதினேழு நாள். காரியம் முடிந்து நேற்று வரை வீட்டில் ஆட்கள். இன்றுதான் எல்லாரும் போனார்கள்.

டப்பாவை நான் திறக்கவில்லை. செத்திருக்கும் என்று நினைத்தேன், சாகட்டும் என்றும் நினைத்தேன். அது இருந்து என்ன ஆகப்போகிறது? இன்று திறந்தேன். உயிரோடு இருந்தது. பஞ்சு உருண்டை தண்ணீர் மூடிக்குப் பக்கத்தில் கிடந்தது. விட்டுவிட்டது.

தண்ணீர் மூடி நிறைந்திருந்தது. நான் ஊற்றவில்லை. கோமதியிடம் போய், "நீயா?" என்று கேட்டேன். சிலந்தி என்றால் அடுக்களையை விட்டே ஓடுகிறவள்.

"பின்ன, ஊரு சனமா வந்து ஊத்தும்?" என்றாள். வந்ததிலிருந்து என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

செப்டம்பர் 25

செண்பகாவின் போன் சாமி அலமாரியில் சார்ஜில் கிடக்கிறது. தினமும் கோமதிதான் போடுகிறாள். மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது, அதைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு அனுப்பிய குரல்களையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்கிறாள். "பொரிக்கிற நேரம்ப்பா, கவனிச்சுப் பாருங்க." நான் வாசலோடு திரும்பிவிட்டேன். இல்லை, பொய் எழுதக் கூடாது. திரும்பிப் போகப் பார்த்தேன், ஆனால் போகவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்த ரெண்டு இட்லி கதை..." என்றேன்.

"பிசிறு கதை மட்டும் யோக்கியமோ?" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது, அழுகை மட்டும் இருந்தது. எனக்கும்.

செப்டம்பர் 30

மறுபடியும் ஓட்டின் அடியில் போய் வாசலை அடைத்துக்கொண்டது. தொடவில்லை.

அக்டோபர் 3

வெளியே வந்தது. உருண்டை இருக்கிறது. செண்பகாவின் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். நடுவில் சுற்றிவரக் கோடு இருக்கிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன். நீளம் காலோடு சேர்த்து ஐந்து சென்டிமீட்டர்.

அக்டோபர் 11

கோமதி ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாள். "கர்ப்பிணி மாதிரிதான, தின்னட்டும்" என்றாள்.

அக்டோபர் 20

தீபாவளி. எங்களுக்கு இல்லை. அக்கம்பக்கத்தில் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். வெடிச் சத்தத்துக்குப் பயந்துவிடப் போகிறது என்று டப்பாவைக் கோமதி பீரோவுக்குள் வைத்தாள்.

அக்டோபர் 28

காலை ஏழு மணி. மேஸ்திரியம்மா முதுகு தெரியவில்லை. மொத்தமும் குட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாக, மூன்று அடுக்காக. எண்ணப் பார்த்தேன், அறுபதோடு விட்டுவிட்டேன். ஒன்று தவறிக் கீழே விழுந்தது. மேஸ்திரியம்மா நின்றது. விழுந்த குட்டி அதன் காலைப் பிடித்து ஏறி இடம் பிடிக்கும் வரை அது அசையவில்லை. பிறகுதான் நடந்தது.

ஜன்னல் பக்கம் டப்பாவை வைத்து, வெளிச்சம் பார்த்து, கை நடுங்காமல் ஒரு போட்டோ எடுத்தேன். தெளிவாக வந்தது. செண்பகாவுக்கு அனுப்பினேன். கட்டாயம் அனுப்பச் சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் வேறு ஒரு நினைப்பும் எனக்கு இல்லை. பத்துக்குப் பத்து போடுவாளா என்றுதான் நினைத்தேன்.

சாமி அலமாரியில் டிங் என்று சத்தம் கேட்டது.

அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. கோமதி ஓடிவந்து போனை எடுத்தாள். யார் அனுப்பியது என்று பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு போட்டோவைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கி, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா அனுப்பியிருக்காருடி" என்றாள், போனைப் பார்த்து.